ஆறு வருடம் ஓதியும் அல்ஹம்து திருத்தமாக வரவில்லை: மக்தபை எங்கிருந்து சீர்செய்வது?

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் எங்கள் ஜமாஅத்தின் மக்தப் மதரஸாவுக்கு (பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் இடம்) இந்த வருடம் நாஜிராக, அதாவது மேற்பார்வையாளராக, பொறுப்பேற்றிருக்கிறேன். 140 பிள்ளைகள், 5 உஸ்தாதுகள். மஃரிபுக்குப் பிறகு இஷா வரை வகுப்பு, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆறு வருடம் ஓதிய பிள்ளைகளில் பலருக்குக் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராகூடத் திருத்தமாக வரவில்லை. வசதியுள்ள பெற்றோர் ஆன்லைன் உஸ்தாதிடம் மாற்றிக்கொண்டு போகிறார்கள். நிர்வாகத்தில் சிலர், வெளிமாநிலத்தில் அச்சாகும் ஒன்பது பாடங்கள் கொண்ட புத்தகத் தொகுப்பை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? தரத்தை எப்படி அளப்பது? குர்ஆனை முழுதாக ஓதிக் கத்தம் முடித்த பிள்ளைகளுக்கு விழா வைத்துச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்:

வஅலைக்குமுஸ்ஸலாம். புத்தகத் தொகுப்பை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் மக்தபில் குறை புத்தகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளை ஓதுவதை உஸ்தாத் காது கொடுத்துக் கேட்கும் நேரம்தான் குறைவு. அதை முதலில் கணக்குப் போட்டு நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள்.

நம் பகுதியில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம்தான். தொழுகை, சுன்னத், பிள்ளைகள் வந்து அமர்வது என்று 20 நிமிடம் போய்விடும். கடைசி 10 நிமிடம் உஸ்தாதின் கவனமெல்லாம் இஷா பாங்கின் மேல். மிஞ்சுவது 45 நிமிடம். அதில் குர்ஆனுக்கு 30 நிமிடம் ஒதுக்கினாலும், ஓர் உஸ்தாதுக்கு 28 பிள்ளைகள் என்றால் தலைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இனி வருடக் கணக்கு. 365 நாளில் வெள்ளி 52 போனால் 313. ரமலானும் இரு பெருநாளும் சேர்ந்து 35 நாள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளுக்கு 30 நாள். மே மாதத்தில் பாதிப் பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள், அதில் 20. மழை, ஜனாஸா, நிகாஹ், உஸ்தாத் ஊருக்குப் போனது என்று இன்னொரு 25 அல்லது 30. ஏறக்குறைய 200 நாள் வகுப்பு நடந்தால் அது ஒழுங்காக நடக்கும் மக்தப். 200 நாள், நாளுக்கு ஒரு நிமிடம் சில்லறை என்றால் வருடத்துக்கு மூன்றரை மணி நேரம். ஆறு வருடத்தில் 21 மணி நேரம். ஆன்லைன் உஸ்தாத் வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் தனியாகக் கேட்டால் அதே 21 மணி நேரத்தை ஐந்து மாதத்தில் கொடுத்துவிடுகிறார். பெற்றோர் தீனில் பொடுபோக்காகிவிட்டார்கள் என்று ஜும்ஆ மேடையில் குறைபடுவதில் பயனில்லை. அவர்கள் கணக்குத் தெரிந்துதான் போகிறார்கள்.

ஆக, முதல் வேலை ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தை இரண்டுக்கு மேலாக ஆக்குவது. பாடத்திட்டம் அதற்குப் பிறகு.

இரண்டு நேர வகுப்பு இதற்கு எளிய வழி. மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் சிறு பிள்ளைகளை மாலை 5 மணிக்கு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், 45 நிமிடம் வரச்சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏதாவது தின்றுவிட்டு வர நேரம் இருக்கும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவதால் தாய்மார்களுக்கும் நிம்மதி. பெரிய பிள்ளைகள் வழக்கம்போல மஃரிபுக்குப் பிறகு. இப்போது ஓர் உஸ்தாதிடம் ஒரு நேரத்துக்கு 14 பேர்தான். உஸ்தாதின் வேலை இரட்டிப்பாவதால் சம்பளத்தையும் கூட்டித்தான் ஆக வேண்டும். ஒன்பது புத்தகத்தை 140 பிள்ளைகளுக்கு வாங்க எடுத்து வைத்த பணத்தை இங்கே திருப்பிவிடுங்கள். ‘நன்மைக்காகச் செய்யுங்கள் ஹஜ்ரத்’ என்று சொல்லிக் கூடுதல் வேலை வாங்கினால் மூன்றாவது மாதத்திலிருந்து வகுப்பு 10 நிமிடம் தாமதமாகத் தொடங்கும்.

ஒவ்வொரு நேரத்திலும் பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கும்போது வயதையும் பள்ளி வகுப்பையும் பார்க்காமல் ஓதும் நிலையைப் பார்த்துப் பிரியுங்கள். அதற்கு 140 பேரையும் ஒரு முறை தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவருக்கு 3 நிமிடம் என்றால் மொத்தம் 7 மணி நேரம். ஐந்து உஸ்தாதுகளும் பகிர்ந்துகொண்டால் இரண்டு மாலையில் முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, எந்த உஸ்தாதும் தன் பிள்ளைகளைத் தானே கேட்கக் கூடாது. தன் மாணவன் தடுமாறும்போது உதடு தானாக அசைந்து எடுத்துக் கொடுத்துவிடும், அது மனித இயல்பு.

அந்த 3 நிமிடத்தில் மூன்று சோதனை. ஒன்று, அல்ஹம்து சூரா. இரண்டு, பிள்ளை இதுவரை ஓதாத ஒரு பக்கத்தைத் திறந்து மூன்று வரி. இதுதான் உண்மையைக் காட்டும். காயிதா எனும் எழுத்துப் பாட நூலையும் முதல் ஜுஸ்உவையும் (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கு) காதால் கேட்டே மனனம் செய்துவிட்டு, எழுத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லா மக்தபிலும் உண்டு. மூன்று, நடுவில் ஓர் எழுத்து தெரியும் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையை வரியின் மேல் அங்கங்கே நகர்த்தி, 10 எழுத்துகளின் பெயரைக் கேளுங்கள். எழுத்தே தெரியாதவர், கூட்டிக்கூட்டி ஓதுபவர், தடையில்லாமல் ஓதுபவர் என்று மூன்று நிலை கிடைக்கும். ஏழாவது ஜுஸ்உவில் இருப்பதாகப் பதிவேட்டில் உள்ள பிள்ளை இரண்டாம் நிலையில் விழுவதைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

இதில் பெற்றோரிடமிருந்து சண்டை வரும். ‘ஏழாவது ஜுஸ்உ ஓதின பிள்ளையைக் காயிதாவில் உட்கார வச்சுட்டீங்களே’ என்று வாசலில் நிற்பார்கள். பிள்ளையின் ஜுஸ்உ கணக்கை இறக்காதீர்கள். வாரத்தில் நான்கு நாள் எழுத்துத் திருத்தம், இரண்டு நாள் அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஓதல் என்று மூன்று மாதத்துக்கு வையுங்கள். மானமும் போகாது, அடித்தளமும் சரியாகும். அடிப்படையைத் திருத்தாமல் அப்படியே 30 ஜுஸ்உவும் ஓட்டினால் அதே பிழை 30 தடவை அழுத்தமாகப் பதிந்துவிடும், பிறகு பிடுங்க முடியாது.

எழுத்துத் திருத்தத்தில் எங்கே நேரம் செலவிடுவது? தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு வரும் பிழைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஸீன், ஸாத், மூன்று புள்ளி ஸா மூன்றும் ஒரே ‘ஸ’ ஆகும். பெரிய ஹாவும் சின்ன ஹாவும் ஒன்றாகும். ஐன் அலிஃபாகத் தேயும். இரண்டு காஃபும் நம் ‘க’வில் கலக்கும். ஃபா சில வாயில் ‘ப’ ஆகும். இவற்றை உஸ்தாதுகள் பெரும்பாலும் கவனிக்கிறார்கள். கவனிக்காமல் விடுவது சொல்லின் கடைசியில் வரும் பிழையை. தமிழில் வல்லின மெய்யில் சொல்லை முடிக்கும் பழக்கம் நமக்கு இல்லை, நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். ‘குல்ஹுவல்லாஹு அஹத்’ என்று நிறுத்த வேண்டிய இடத்தில் ‘அஹது’ என்று வரும். கடைசி எழுத்தான தால், அசைத்து ஒலிக்க வேண்டிய கல்கலா எழுத்து என்பதால், அதை அசைத்து ஓதச் சொல்லும்போது உகரம் இன்னும் தடிமனாகிறது. அசைவு வேண்டும், ஆனால் உதடு குவியக் கூடாது. பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இது உடனே பிடிபடும். கண்ணைக் கிதாபில் வைத்துக்கொண்டு காதால் மட்டும் கேட்டால் தப்பிவிடும். ஒரு சிறு கண்ணாடியை வகுப்பில் மாட்டி வையுங்கள். பிள்ளைகளே தங்கள் உதட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

துஆக்களையும் சூராக்களையும் தமிழ் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் நிறுத்துங்கள். மேலே சொன்ன அத்தனை எழுத்து வேறுபாடும் அந்தத் தாளில் காணாமல் போயிருக்கும். பிறகு உஸ்தாத் எவ்வளவு திருத்தினாலும் பிள்ளை வீட்டுக்குப் போய் அந்தத் தாளைப் பார்த்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எழுத்து தெரியாத பெற்றோருக்காகத்தான் கொடுக்கிறோம் என்பார்கள். அவர்களுக்கு உஸ்தாதின் குரலில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இன்னொரு சிறிய விஷயம், பெரிய குழப்பம் தருவது: முஸ்ஹஃப், அதாவது குர்ஆன் பிரதி. இந்திய எழுத்தில் அச்சான பிரதியில் காயிதா படித்த பிள்ளை, வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டுவந்த மதீனா அச்சைத் திறந்தால் தடுமாறும். மத்து (நீட்டி ஓதும்) எழுத்தின் மேல் சுக்கூன் (எழுத்தை மெய்யாக ஓதச் சொல்லும்) குறி இருக்காது, சுக்கூனின் வடிவமே வேறு, சேர்த்து ஓதும் அலிஃபுக்குத் தலையில் ஒரு குறி இருக்கும். இரண்டும் சரியான அச்சுகளே. ஆனால் ஒரு வகுப்பில் ஒரே அச்சுதான் இருக்க வேண்டும். காயிதா எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் 15 வரி முஸ்ஹஃபை எல்லாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அச்சை ஐந்தாம் வருடம் ஒரு வாரம் அறிமுகப்படுத்தினால் போதும்.

15 வரி முஸ்ஹஃப் ஏறத்தாழ 600 பக்கம். வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு ஒரு பக்கம் என்றால் மூன்று வருடத்தில் கத்தம் ஆகும். முதல் இரண்டு வருடம் எழுத்துக்கும் காயிதாவுக்கும் கூட்டி ஓதும் பயிற்சிக்கும். ஐந்து வருடம் ஆயிற்றா? ஆறாவது வருடம் முழுவதும் மறு ஓதல், தஜ்வீது எனும் ஓதல் விதிகள், மனனத்தைக் கெட்டிப்படுத்துவது. இந்த ஆறாம் வருடத்தை யாரும் திட்டத்தில் வைப்பதில்லை. கத்தம் ஆன மறுநாளே பிள்ளை நின்றுவிடுகிறது, இரண்டு வருடத்தில் ஓதியது மங்கிவிடுகிறது.

ஒரு பக்கத்தை 14 பேரிடமும் முழுதாகக் கேட்க 30 நிமிடம் போதாது. பக்கத்தின் முதல் பாதியை உஸ்தாத் கேட்கட்டும். மறு பாதியை ஜோடியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்கட்டும். நன்றாக ஓதும் பிள்ளையையும் தடுமாறும் பிள்ளையையும் ஜோடி சேர்க்கத் தோன்றும். அதைவிட, கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பது நல்லது. மிகத் திறமையான பிள்ளை பொறுமையிழந்து தானே ஓதிக் காட்டிவிடும், மற்றது வாயைத் திறக்காது. மறுநாள் உஸ்தாத் இரண்டாம் பாதியிலிருந்து இரண்டு வரியை எடுத்துக் கேட்டால் ஜோடி ஓதல் ஒழுங்காக நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாட அட்டை போடுங்கள். நாள், பக்கம், பிழை எண்ணிக்கை, உஸ்தாதின் கையொப்பம், பெற்றோரின் கையொப்பம். இவ்வளவே. பிழையை இரண்டு வகையாக மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்தோ ஹரகத்தோ (உயிர்க்குறி) மாறுவது, ஷத்து (எழுத்தை இரட்டித்து ஓதும் குறி) விடுபடுவது போன்ற வெளிப்படையான பிழைக்கு, அதாவது லஹ்ன் ஜலீக்கு, பெரிய குறி. குன்னா (மூக்கொலி), மத்தின் அளவு போன்ற நுட்பமான பிழைக்கு, அதாவது லஹ்ன் கஃபீக்கு, சிறு குறி. ‘அன்அம்த’ என்பது ‘அன்அம்து’ ஆனால் ‘நீ அருள்புரிந்தாய்’ என்பது ‘நான் அருள்புரிந்தேன்’ என்றாகிவிடும், அது பெரிய குறி. ஒரு பக்கத்தில் இரண்டு பெரிய குறிக்கு மேல் விழுந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது, அதையே மறுநாளும் ஓத வேண்டும். சிறு குறிக்காக யாரையும் நிறுத்தாதீர்கள். தஜ்வீதில் கெட்டியான இளம் உஸ்தாதுகள் ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு இக்ஃபாவுக்காக ஒரு வாரம் அதே வரியில் நிறுத்திவைப்பதுண்டு. பிள்ளை ஓதலையே வெறுத்துவிடும்.

இனி மற்ற பாடங்கள். 45 நிமிடத்தில் குர்ஆன் 30 போக, வருகைப் பதிவுக்கு 3, மீதி 12 நிமிடம். 200 நாளுக்கு 40 மணி நேரம். ஒன்பது பாடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு ஒரு பாடத்துக்கு நாலரை மணி நேரம் கிடைக்கும். எந்தப் பாடமும் வேர்பிடிக்காது. புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உஸ்தாத் அந்த 12 நிமிடத்தை 25 ஆக்குவார், குர்ஆன் நேரம்தான் வெட்டுப்படும். தொகுப்பை வேண்டாம் என்று சொன்னதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்ட வழி. உங்கள் கடற்கரையில் பெரும்பாலும் ஷாஃபிஈ. வெளிமாநிலத் தொகுப்புகளில் பல, உருதுவில் ஹனஃபி பிள்ளைகளுக்காக எழுதித் தமிழாக்கியவை. உளூவின் (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்வது) ஃபர்ளு, அதாவது கட்டாயச் செயல், நான்கு என்று புத்தகம் சொல்லும், வீட்டில் உம்மா ஆறு என்பார். ஸுப்ஹுத் தொழுகையில் குனூத் துஆ ஓதும் பள்ளிவாசலில் தொழும் பிள்ளை, குனூத் வித்ருத் தொழுகையில்தான் என்று புத்தகத்தில் படிக்கும். இரண்டு மத்ஹபும் சரி என்பதைப் பதினைந்து வயதில் விளக்கலாம். ஏழு வயதில் விளக்கினால் எதையும் பிடித்துக்கொள்ளாது. உங்கள் ஊரில் ஹனஃபி குடும்பங்களும் இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறுபடும் இடங்களை மட்டும் ஒரு தனித்தாளில் கொடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.

நான்கு பாடம் போதும்: ஃபிக்ஹு (சட்டம்), அகீதா (நம்பிக்கை), சீரத்தோடு (நபி வரலாறு) சேர்ந்த அக்லாக் (நற்குணம்), துஆ. வாரத்தின் ஆறு நாளில் மூன்று நாள் ஃபிக்ஹு. எழுதும்போது ‘தொழுகை பற்றிய பாடம்’ என்று எழுதாமல், வருடக் கடைசியில் பிள்ளை என்ன செய்துகாட்ட வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாம் வருட முடிவில், ஹவுழில் தானாக உளூச் செய்து, இரண்டு ரக்அத் சத்தமாகத் தொழுது காட்டும். நான்காம் வருட முடிவில், தொழுகையைச் சுருக்கும் கஸ்ரும் இரண்டைச் சேர்க்கும் ஜம்உம் எப்போது என்று சொல்லும், தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் சுத்தம்) செய்து காட்டும். ஆறாம் வருட முடிவில், ஜனாஸாத் தொழுகையின் நான்கு தக்பீரிலும் ஓத வேண்டியதை ஓதும், ளுஹாவிலிருந்து நாஸ் வரையான 22 சூராக்களும் பார்க்காமல் வரும். இப்படி எழுதிவிட்டால் எதைக் கற்பிப்பது, எதைத் தேர்வில் கேட்பது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே தாளில் பதில் கிடைக்கும்.

வரிசையில் ஒரு மாற்றம் அவசியம். குளிப்பு கடமையாவது, மாதவிடாய், சுத்தம் பற்றிய சட்டங்களைப் பல பாடத்திட்டங்கள் ஏழாம், எட்டாம் வருடத்தில் வைக்கின்றன. நம் ஊர்களில் பெண்பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் மக்தபை விட்டு நின்றுவிடுகிறார்கள். பையன்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய சட்டம் தெரியாமலேயே இருவரும் வெளியேறுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பத்து வயதில், ஆலிமா ஒருவரைக் கொண்டு தனி வகுப்பாக நான்கு அமர்வு. பையன்களுக்குப் பதினொன்றில், உஸ்தாத் தனியாக மூன்று அமர்வு. முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவித்துவிடுங்கள். பாடத்திட்டம் எழுதும்போது பிள்ளை எந்த வயதில் நம்மை விட்டுப் போகிறது என்பதை முதலில் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை.

மக்தப் வருடத்தைப் பிறை மாதக் கணக்கில் ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிப்பது அரபுக் கல்லூரிகளின் முறை. விடுதியில் தங்கி ஓதுபவர்களுக்கு அது பொருந்தும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏதாவதொரு பள்ளித் தேர்வோடு மோதும். 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலும் என்று இருமுறை ரமலான் தொடங்கும், அந்த வருடம் ஷவ்வால் கணக்கு வைத்திருக்கும் மக்தபுகள் திண்டாடும். ஜூன் தொடக்கம், ஏப்ரல் முடிவு என்று பள்ளி வருடத்தோடு கட்டிவிடுங்கள். ரமலானில் புதுப் பாடம் வேண்டாம், ஸுப்ஹுக்குப் பிறகு மறு ஓதல் மட்டும்.

அடுத்து, தரத்தை அளப்பது. கேரளத்தில் 1951இல் தொடங்கிய சமஸ்தா எனும் உலமா அமைப்பின் மதரஸாக் கல்வி வாரியம் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்களை இணைத்திருக்கும் அளவுக்கு நிலைத்திருப்பதன் அடிப்படை மிக எளியது. 5, 7, 10, 12ஆம் வகுப்புகளில் பொதுத்தேர்வு. கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும், விடைத்தாள் வெளியே போகும், முஃபத்திஷ் எனும் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். சொல்லிக்கொடுத்தவரே தன் வேலைக்கு மார்க் போட்டுக்கொள்ள வழியில்லை. அவர்களும் ஷாஃபிஈதான், ஆனாலும் கீழ்வகுப்புப் புத்தகங்கள் அரபு மலையாளத்தில் இருப்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முறையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வாரியம் எதுவும் தேவையில்லை. பக்கத்து இரண்டு ஊர் ஜமாஅத்துகளோடு பேசி, வருடத்துக்கு இருமுறை, அக்டோபரிலும் மார்ச்சிலும், உஸ்தாதுகளை மாற்றி அனுப்பிக்கொள்ளுங்கள்.

வருகிறவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து பிள்ளைகளை, பதிவேட்டிலிருந்து தானாக எண் சொல்லி எடுக்க வேண்டும். உஸ்தாத் எடுத்துக் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் வரும். ஒரு பிள்ளைக்கு 6 நிமிடம்: அல்ஹம்து, ஓதிய பகுதியில் ஏதாவது ஏழு வரி, ஒரு சூரா மனனம், ஒரு செயல்முறை. அல்ஹம்துவில் பிஸ்மியோடு சேர்த்து ஷத்து 14. அதை விரலில் எண்ணிக்கொண்டே கேட்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஷத்தை விட்டால் எழுத்தை விட்டதற்குச் சமம், ஆகவே இங்கே சலுகை கிடையாது. உளூவைச் சொல்லச் சொல்லாமல் செய்யச் சொல்லிப் பாருங்கள். ‘ஃபர்ளு ஆறு: நிய்யத்து, முகம்...’ என்று ஒப்பிக்கும் பிள்ளையின் முழங்கையும் குதிகாலின் பின்பகுதியும் காய்ந்திருக்கும். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

இந்த ஆய்வின் முடிவை உஸ்தாதைத் தண்டிக்கப் பயன்படுத்தினால் அடுத்த தடவை ஆய்வே ஒழுங்காக நடக்காது. இரு ஊர் உஸ்தாதுகளும் பேசிவைத்துக்கொள்வார்கள். முடிவு நாஜிருக்கும் அந்த உஸ்தாதுக்கும் மட்டும். ஒரே பிழை ஒரு வகுப்பின் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இருந்தால் அது கற்பித்தலில் வந்தது, அதை மாற்றலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் பெரிய பெரிய கிதாபுகள் ஓதிப் பட்டம் பெற்றவருக்கு, ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தை எப்படிக் காட்டுவது என்று யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். மே மாதத்தில் நல்ல காரி (குர்ஆன் ஓதலில் தேர்ந்தவர்) ஒருவரையும் அனுபவமுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரையும் அழைத்து மூன்று நாள் பயிற்சி வையுங்கள். பள்ளி ஆசிரியை உங்கள் மஹல்லாவிலேயே இருப்பார். உஸ்தாதே இமாமாகவும் இருந்தால் நிகாஹ், ஜனாஸா, கத்தம் ஃபாத்திஹா என்று அடிக்கடி எழுந்து போவார். அந்த நேரத்துக்கு யார் வகுப்பைப் பார்ப்பது என்பதை முன்பே பெயர் போட்டு எழுதி வையுங்கள். உஸ்தாதுகள் அரசின் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல ஊரில் அதற்கு நிர்வாகம் ஒரு கடிதம் கொடுக்காததால்தான் அது நின்றுபோயிருக்கும்.

பிரம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தரம் என்றால் அதுவும் சேர்ந்ததே. கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்று 2012 திருத்தம் சொல்வதை வைத்து, அடிக்கலாம் என்று யாராவது பேசினால் மறுத்துவிடுங்கள். பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதற்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. வகுப்புக் கதவு திறந்தே இருக்கட்டும், உஸ்தாதும் ஒரு பிள்ளையும் மட்டும் தனித்திருக்கும்படி எந்த ஏற்பாடும் வேண்டாம். பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்க முயலாதீர்கள். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கே ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதம் 140 பேரையும் கேட்டுப் பிரிப்பதும் இரண்டு நேர வகுப்பும். இரண்டாம் மாதம் பாட அட்டை. பாடத்திட்டத் தாளை உஸ்தாதுகளே உட்கார்ந்து மூன்றாம் மாதத்தில் எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். அக்டோபரில் முதல் வெளி ஆய்வு.

கத்தம் விழா தாராளமாக வையுங்கள், நார்சா கொடுங்கள், பிள்ளைகளுக்கு அது பெரிய உற்சாகம். சான்றிதழுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு: பக்கத்து ஊர் உஸ்தாத் முதல் பத்து, நடுப் பத்து, கடைசிப் பத்து ஜுஸ்உகளில் ஒவ்வொன்றிலும் தான் விரும்பிய இடத்தைத் திறந்து அரைப் பக்கம் கேட்க வேண்டும். மூன்று இடத்திலும் சேர்த்துப் பெரிய குறி மூன்றுக்கு மேல் போகாவிட்டால் அவரே கையொப்பமிடுவார். போனால் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் இரண்டு மாதம் கழித்து அதே மூன்று பத்தில் வேறு இடங்களைக் கேட்கச் சொல்லுங்கள். விழாத் தேதியை இந்தச் சோதனைகள் முடிந்த பிறகு அறிவியுங்கள். அழைப்பிதழ் அடித்துவிட்டால் எந்த உஸ்தாதாலும் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது.